சோஹாரில் கையில் கொடுத்துவிட்ட கடிதம்

போன வாரம் பாளையங்கோட்டைத் தபாலாபீஸுக்கு ஒரு நிலப் பத்திரத்தை இன்சூர் செய்து அனுப்பப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரக்கு வைக்காம எடுக்க மாட்டோம் சார். அந்தா மூலையில மெழுகுவத்தி இருக்கு, நீங்களே வச்சுட்டு வாங்க" என்றார். மூலையில் ஒரு ஸ்டூல், அதன் மேல் குட்டையாகிப்போன மெழுகுவர்த்தி, பாதி தேய்ந்த சிவப்பு அரக்குக் குச்சி. பற்ற வைத்தேன். அரக்கு உருகி அந்தக் கருகல் வாசம் மூக்கில் ஏறியதும் நான் அங்கே இல்லை. பின்னால் நின்றவர் "சார், விரலு! விரலு!" என்று கத்தியிருக்காவிட்டால் என் கட்டைவிரலுக்கும் சீல் வைத்திருப்பேன்.

எங்கே போயிருந்தேன் என்று கேட்கிறீர்களா? மஸ்கட்டுக்கு. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, அந்தக் காலத்தில் அங்கே நம் தூதரகத்தில் நான் மூன்றாம் செயலர். பெயரைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். முதல் செயலரும் இரண்டாம் செயலரும் தலையில் கட்டுவதைச் செய்கிறவர்தான் மூன்றாம் செயலர். எங்கள் அப்பா ஊர் முழுக்க "மகன் அம்பாசிடர்" என்று சொல்லி வைத்திருந்தார். லீவுக்கு வந்தபோது ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வண்டி இப்போது என்ன விலை போகும் என்று கேட்டார்.

அரக்கு வாசத்துக்கு வருகிறேன். தூதரகத்திலிருந்து டெல்லிக்கு வாரம் ஒருமுறை ஒரு கித்தான் பை போகும். ராஜாங்கக் காகிதங்கள் எல்லாம் அதற்குள். வாயைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி, முத்திரை குத்திவிட்டால் வழியில் எந்தச் சுங்கக்காரனும் தொடக்கூடாது. எங்களுக்கு அதில் ஒரு சலுகை உண்டு. சொந்தக் கடிதங்களையும் இந்திய ஸ்டாம்ப் ஒட்டி அந்தப் பையில் போடலாம். டெல்லியில் பிரித்து, அங்கேயுள்ள தபால் பெட்டியில் சேர்ப்பார்கள். ஆக, நான் பாளையங்கோட்டைக்கு எழுதுகிற கடிதம் வடக்கே டெல்லி வரை பறந்து போய், அங்கேயிருந்து ரயிலேறித் தெற்கே இறங்கி வரும். பத்து நாள், பன்னிரண்டு நாள். திங்கட்கிழமை மதியம் பையைக் கட்டுவார்கள். பையைக் கட்டுகிறவர் ஒரு ஹரியானாக்காரர். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம் ஆனாலும் கையை விரித்து "கலாஸ், சாப்" என்பார், அரபியில் முடிந்தது என்று அர்த்தம். அம்பாசிடரே போய் நின்றாலும் கலாஸ்தான்.

அந்தப் பைக்காகத்தான் நான் வாரம் முழுக்க உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. எனக்கு அந்த ஊர் ஒட்டவில்லை. ஊர் மேல் குற்றமில்லை. அழகான ஊர், கடல், மலை, அமைதியான ஜனங்கள். குற்றம் என் கால் மேல். ஓர் இடத்தில் நிற்காத கால். என்னோடு தேர்வு எழுதித் தேறியவன் ஒருத்தன் வியன்னாவில் இருந்தான். பனியில் நின்று எடுத்த படங்களை அனுப்புவான். எனக்கு நாற்பத்தைந்து டிகிரி வெயிலும், பாஸ்போர்ட் தொலைத்தவர்களும், முதலாளியை விட்டு ஓடிவந்தவர்களும், இறந்துபோனவர்களை ஊருக்கு அனுப்புகிற காகிதங்களும். ஃபிளாட்டில் மேஜையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்துவேன். இரண்டு நாளில் மறுபடி பழைய இடம். காரை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்புவேன், இறங்கமாட்டேன். கடிதம்கூட உட்கார்ந்து எழுதியதில்லை. ஃபிரிட்ஜின் மேல் தாளை வைத்து நின்றபடிதான் எழுதுவேன். ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கினால் என் கையெழுத்தும் கூடவே நடுங்கும்.

யாருக்கு எழுதினேன்? சங்கரிக்கு. கல்யாணமாகி எட்டு மாதம். அதில் ஒன்றாக இருந்தது இருபத்திரண்டு நாள். அவள் ஒரு தனியார் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எல்லாம் முடித்துவிட்டு ஜூனில் மஸ்கட் வருவதாக ஏற்பாடு. அதுவரை அவள் அப்பா வீட்டில்.

போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, பேஷாக இருந்தது. எங்கே இருந்தது? மாமனார் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை நான் கூப்பிட்டால் முதலில் மாமியார் எடுப்பார். "மாப்ள, அங்க வெயிலு எப்படி? மோர் கெடைக்கா?" பிறகு மாமனார், பிறகு மச்சினன், பிறகு அன்றைக்கு வீட்டுக்கு வந்திருக்கிற யாராவது. கடைசியில் சங்கரி. அவளைச் சுற்றி எட்டுக் காதுகள். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "சாப்பிட்டேன். நீ?" "ம்." அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம். மற்றதெல்லாம் கடிதத்தில்.

என் கடிதங்களை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. நான்கு பக்கம், ஐந்து பக்கம் எழுதுவேன். ஏதோ பயணக் கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிற மாதிரி. தூதரக விருந்தில் ஐந்து வகை முள்கரண்டி வைத்திருந்தார்கள், வெளியிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டே வரவேண்டும். மாலையில் கடலோரம் நடை. நிலா வெளிச்சத்தில் பாய்மரக் கப்பல். இப்படி. பிணவறை வாசலில் நின்றதை எழுதமாட்டேன். மத்தியானம் ரொட்டியையும் தயிரையும் நின்றபடியே விழுங்கியதை எழுதமாட்டேன். ஏன்? மூன்றாம் செயலர் அல்லவா. சங்கரி எனக்குக் கழுத்தை நீட்டியதே வெள்ளைக்காரத் துரை மாதிரி நான் உலகம் சுற்றுவேன் என்றுதான் என்று எனக்கொரு நினைப்பு. அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு அரசுக் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. ஆறு வருஷமாகக் காத்திருந்த வேலை. மாதக் கடைசிக்குள் சேர வேண்டும், இல்லாவிட்டால் போயிற்று. "நான் வரட்டுமா, சேரட்டுமா? எதைச் சொன்னாலும் மனசார ஏற்றுக்கொள்வேன். ஆனால் நீங்கள் நினைப்பதைச் சொல்ல வேண்டும். ஹாலில் கேட்க முடியாது. ஒரே ஒரு வரி எழுதுங்கள் போதும்" என்று எழுதியிருந்தாள்.

வா என்று எழுத வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அவள் வரவேண்டும், அந்த ஃபிளாட்டில் இன்னொரு ஆள் இருமுகிற சத்தமாவது கேட்க வேண்டும் என்று நான் ஏங்கிக் கிடந்தேன். அதை எழுத வரவில்லை. ஆறு வருஷம் காத்திருந்த வேலையை எனக்காக விடு என்று எப்படிக் கேட்பது? அப்போது அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். வெறும் கர்வம். எனக்கு நீ வேண்டும் என்று ஒருத்தியிடம் கேட்கிற தைரியம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். சாயந்திரம் ஃபிரிட்ஜின் மேல் நாலு பக்கம் எழுதினேன். இங்கே ஒரு குறையும் இல்லை, சீக்கிரமே ஐரோப்பா மாற்றல் வரும், ஆகவே நீ வேலையில் சேர்வதுதான் நல்லது. உறையை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி, திங்கட்கிழமைப் பைக்காகச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோஹாரிலிருந்து போன் வந்தது. சோஹார் வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல், துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த ஊர். அங்கே ஒரு கேம்ப்பில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் டூட்டி முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. முப்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் காகிதங்கள் எதுவும் நகரவில்லை, யாராவது வந்தால் நல்லது என்றார்கள். யாராவது என்றால் மூன்றாம் செயலர். போனேன்.

பிணவறையில் அடையாளம் சொல்ல அவருடைய ரூம்காரர் வந்திருந்தார். முருகையா. சங்கரன்கோவில் பக்கம், நாற்பத்தைந்து வயதிருக்கும், கம்பி கட்டுகிற வேலை, ஓமானுக்கு வந்து பதினான்கு வருஷம். இறந்தவர் மேல்கட்டில், இவர் கீழ்க்கட்டில். பெட்டியை இழுத்ததும் முருகையா ஒரு நொடி பார்த்துவிட்டு, "இவருதான் சார். சட்டையில அந்தப் பொத்தான் நான்தான் தச்சுக் குடுத்தேன்" என்றார். நான் படிவத்தை நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், மனைவி பெயர். மனைவி பெயர் எழுதுகிற இடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. எப்படியோ எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்து காரில் ஏறினேன். ஏசியைப் போட்டேன். அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மூக்கொழுக அழுதேன். இருபத்தேழு வயது அதிகாரி, டை கட்டியிருந்தேன்.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம். முருகையா. கையில் இரண்டு பேப்பர் கப்பில் சுலைமானி, பால் இல்லாத டீ. "குடிங்க சார்" என்றார். அழுததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரூமுக்கு வாங்க. வெறும் வயித்தோட அம்புட்டுத் தூரம் வண்டி ஓட்டக் கூடாது" என்றார்.

கேம்ப் ரூமில் தைல வாசமும் மீன்குழம்பு வாசமும். எட்டுக் கட்டில். மேல்கட்டில் ஒன்றில் மட்டும் போர்வை மடித்திருந்தது. முருகையா தன் தட்டிலேயே சோறு போட்டுக் கொடுத்தார். நான் அப்படிச் சாப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது. கையைக் கழுவிவிட்டு அவருடைய கட்டிலில் உட்கார்ந்தேன். என்ன நினைத்தேனோ, பேச ஆரம்பித்துவிட்டேன்.

"முடியல அண்ணாச்சி. ஒத்தையில இங்க இருக்க முடியல. வாரத்துக்கு ரெண்டு தடவ இந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கேன். வீட்டுக்குப் போனா செவுருதான், நின்னுக்கிட்டே ரொட்டியத் திங்கேன். அவ வந்துட்டா நல்லா இருக்கும். கேக்க வாய் வரமாட்டேங்கு."

முருகையா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். "இருக்கத்தான் செய்யும் சார்" என்றார். சுவரோரம் அவருடைய அட்டைப்பெட்டி பாதி கட்டியிருந்தது. கம்பளி, பால் பவுடர், டார்ச் லைட். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு, திருவனந்தபுரம் விமானம். "இவன் உடம்பு போறதுக்கு முந்தி நான் போயி அவன் வீட்டுல இருக்கணும் சார். போன்ல சொல்லிட்டாவ. ஆனா எப்படின்னு யாராவது நேர்ல சொல்லணும்லா" என்றார்.

அப்போதுதான் என் சட்டைப்பை ஞாபகம் வந்தது. காகித வேலை முடியவில்லை, மறுநாளும் சோஹார்தான். திங்கட்கிழமைப் பை போச்சு. அடுத்த பையில் போட்டால் மாதம் முடிந்து போய்ச் சேரும். இவர் செவ்வாய்க்கிழமை போகிறார். உறையை எடுத்து நீட்டினேன். "அண்ணாச்சி, திருவனந்தபுரத்துல இறங்கினதும் ஒரு தபால்பெட்டியில போட்டுருவீங்களா?"

அவர் உறையை வாங்கி, பின்பக்கம் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"ஒட்டிட்டீங்களே சார்" என்றார் மெதுவாக.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஊருக்குப் போகிறவர் கையில் கடிதம் கொடுத்துவிட்டால் உறையை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும். உள்ளே ஏடாகூடமாக ஒன்றுமில்லை என்று நீங்கள் காட்டுகிறீர்கள். வாங்குகிறவர் அதற்குள் எட்டிப் பார்க்காமல், உங்கள் கண் முன்னாலேயே எச்சில் தொட்டு ஒட்டுவார். உங்களை நம்புகிறேன் என்று அவர் காட்டுகிறார். அந்த ரூமில் முருகையா பெட்டிக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த பதினைந்து இருபது உறைகளும் அப்படி வந்தவைதான். அரக்கு சீல் வைத்த பையிலேயே பழகிய எனக்கு அந்த மரியாதை தெரியவில்லை. என்னுடைய கடிதத்தை ஒட்டிக் கொடுத்ததால் நான் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

நாக்கைக் கடித்துக்கொண்டு உறையைக் கிழித்தேன். தாள்கள் வெளியே வந்தன. முருகையா தன் பேனாவை எடுத்து நீட்டி, "வேற எதுவும் எழுதணும்னா எழுதிக்கிடுங்க சார்" என்றார்.

பாருங்கள், இந்த இடத்தில்தான் என்னை இன்றைக்கும் அறையத் தோன்றுகிறது. தாள் கையில். பேனா கையில். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் மனசைக் கொட்டியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பாதி இடம் காலி. ஒரே எழுத்து, 'வா' என்று எழுதக்கூட வேண்டாம், 'முடியவில்லை' என்று எழுதினால் போதும். "வேண்டாம் அண்ணாச்சி, எல்லாம் எழுதியாச்சு" என்றேன்.

அவர் தட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளை எடுத்து, விரலால் மசித்து, கிழிந்த உறையை என் கண் முன்னால் ஒட்டினார். பிறகு ஸ்டாம்பைப் பார்த்துச் சிரித்தார். "இது எதுக்கு சார்? நான்தான் போறம்லா." எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வந்துவிட்டது, எழுந்து ஓடினேன்.

மாதக் கடைசிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கூப்பிட்டேன். மாமியார், மாமனார், மச்சினன் எல்லாரும் முடிந்து சங்கரி வந்தாள். "சேர்ந்துட்டேன்" என்றாள். "நல்லது" என்றேன். என் கடிதத்தை மீறி அவள் கிளம்பி வந்துவிடுவாள் என்று நான் உள்ளூர நம்பியிருந்தது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. "நேரத்துக்குச் சாப்பிடுங்க. நின்னுக்கிட்டே சாப்பிடாதீங்க" என்றாள். நின்றுகொண்டு சாப்பிடுவது இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. அவ்வளவு மந்தம்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சோஹாரில் தூதரக முகாம். மஸ்கட் வரை வரமுடியாத தொழிலாளிகளுக்காக நாங்களே போய் ஒரு ஹாலில் மேஜை போட்டு உட்காருவோம். டோக்கன் கொடுத்து வரிசையில் கூப்பிடுவோம். அன்றைக்கு இருநூறு பேர் இருக்கும். பாஸ்போர்ட் புதுப்பிக்க, கையெழுத்துக்கு, புகாருக்கு. நூற்றுப் பதினேழாம் நம்பர் டோக்கனை மேஜைமேல் வைத்தவரை நிமிர்ந்து பார்த்தால், முருகையா. நேரே வந்திருக்கலாம், விட்டிருப்பார்கள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வந்திருக்கிறார்.

"நல்லா இருக்கீங்களா சார்? அம்மா பதில் குடுத்தாவ" என்று ஓர் உறையை எடுத்து வைத்தார். கூடவே எண்ணெய் ஊறிய ஒரு பொட்டலம், முறுக்கு. மாமியார் முறுக்கு.

"எங்க அம்மா? எப்ப குடுத்தா?"

"உங்க வீட்டம்மாதான் சார். நேர்ல போயிருந்தேன். மொதல்ல நம்ம மேல்கட்டில்காரன் வீட்டுக்குப் போனேன். மறுநா பாளையங்கோட்டை. கடுதாசியக் குடுத்தேன், அம்மா படிச்சாவ. பெறவு, லீவு முடியறதுக்கு முந்தி போயி பதிலு வாங்கிட்டு வந்தேன்."

எனக்குப் புரிய ஆரம்பித்தது. தபால்பெட்டியில் போடச் சொன்ன கடிதத்துக்காக இந்த மனுஷன் தன் லீவில் இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவு. அங்கேயெல்லாம் கடிதம் கொடுத்துவிடுவது என்றால் அதுதான் அர்த்தம். நேரில் போய், உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பார்த்ததைச் சொல்லி, பதிலோடு திரும்புவது. ஊர் உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. தூதுப் பணிக்கென்று பரீட்சை எழுதித் தேறி வந்த எனக்கு மட்டும் தெரியாது!

"அண்ணாச்சி... அவ ஏதாவது கேட்டாளா?"

"எப்படி இருக்காவன்னு கேட்டாவ. சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன் சார். ஆஸ்பத்திரி வாசல்ல காருக்குள்ள இருந்து அழுதீங்க. ரூமுல வந்து சாப்ட்டீங்க. ஒத்தையில முடியலன்னு சொன்னீங்க. நின்னுக்கிட்டே ரொட்டி திங்கது, எல்லாம்."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. இருநூறு பேர் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து, "உங்கள யாரு இதெல்லாம் சொல்லச் சொன்னா?" என்று கத்திவிட்டேன்.

முருகையா பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. குழம்பிப்போய்ப் பார்த்தார். "கேட்டாவ சார். கடுதாசி கொண்டு போறவன்கிட்ட கேக்கத்தான செய்வாவ. கடுதாசியில உள்ளத அவங்களே படிச்சுக்கிடுவாவ. அதுல இல்லாததச் சொல்லத்தான் ஆளு போறது. இவன் வீட்டுலயும் அப்படித்தான் கேட்டாவ. தூக்கத்துல போனானா, கஷ்டப்பட்டானான்னு. நான் என்ன, பொய்யா சொல்ல முடியும்?"

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். முருகையா ஒதுங்கி நின்றார். நான் உறையைப் பிரித்தேன்.

உள்ளே இருந்தது என்னுடைய கடிதம். நான் எழுதிய அதே நாலு பக்கம். சரித்திர வாத்தியாரம்மா சிவப்பு மையில் திருத்தியிருந்தாள். கடலோர நடைக்குப் பக்கத்தில், "வாரத்தில் எத்தனை நாள்?" ஐந்து முள்கரண்டிக்குப் பக்கத்தில், "பசித்தபோது சாப்பிட்டது எந்தக் கரண்டியில்?" இங்கே ஒரு குறையும் இல்லை என்ற வரிக்கு அடியில் கோடு இழுத்து, "ஆதாரம்?" எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசிப் பக்கத்தில், நான் காலியாக விட்ட பாதியில் எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரே ஒரு வரி கேட்டேன். நாலு பக்கம் எழுதி அந்த வரியை மட்டும் விட்டுவிட்டீர்கள். அண்ணாச்சி சொன்னதைக் கேட்டுவிட்டு வேலை வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கூட வைத்துவிட்டேன். பிறகு இதை மறுபடி படித்தேன். வழியில் பார்த்த ஒருவரிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்ல முடியாத மனுஷரோடு, பாஷை தெரியாத ஊரில், ஒரு வீட்டுக்குள் எப்படி இருப்பது என்று பயமாக இருந்தது. சேர்ந்துவிட்டேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி கிடையாது."

தாள்களை மடித்து உறைக்குள் வைத்தேன். "நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டனா சார்?" என்று முருகையா கேட்டார். "இல்ல அண்ணாச்சி. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை கம்பி கட்டிக் கட்டித் தடித்துப் போயிருந்தது. நூற்றுப் பதினெட்டாம் டோக்கன்காரர், "சார், கொஞ்சம் ஜல்தி" என்றார்.

அன்று மத்தியானமே ஒரு பாஸ்போர்ட் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். ஹாலில் ஃபிரிட்ஜ் இல்லை, உட்கார்ந்தே எழுதினேன். எனக்கு இங்கே முடியவில்லை, நீ வேண்டும், அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். உறையை ஒட்டாமல் நீட்டி, அடுத்து யார் ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். வரிசையிலிருந்து நாலு கை உயர்ந்தது.

அதற்காகச் சங்கரி வேலையை விட்டுவிட்டு ஓடி வரவில்லை. சினிமாவா இது? லீவு கிடைத்தபோது வந்தாள், அவள் வராதபோது நான் போனேன். மூன்றரை வருஷம் அப்படி ஓடியது. மகள் பிறந்ததே அந்த ஓட்டத்தின் நடுவில்தான். பிறகு ஐரோப்பாவும் கிடைத்தது. குளிரிலும் என் கால் நிற்கவில்லை. கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். சங்கரி இன்னும் கல்லூரிக்குப் போகிறாள், இன்னும் சிவப்பு மைதான். அந்த மூன்றரை வருஷத்துக் கடிதங்களில் அவள் ஒரு கோடுகூட இழுக்கவில்லை என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அங்கே யாரும் யார் கையிலும் கடிதம் கொடுத்துவிடுவதில்லை. கேம்ப் ரூமில் ஆளுக்கொரு போன், பெண்டாட்டி பிள்ளை முகம் தினமும் தெரிகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. எட்டுக் காதுக்கு நடுவில் பேசித் திண்டாடியவனுக்கு இதன் அருமை தெரியும். முருகையா ஊருக்குத் திரும்பி, கொஞ்ச காலம் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை போட்டார். பிறகு அதுவும் நின்றது. நான்தான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை.

எங்கள் மகள் போன வருஷம் துபாயில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தொரு வயது. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோவில் வருவாள். "ஐ'ம் ஃபைன்பா, சூப்பரா இருக்கேன்" என்பாள். ஜன்னலைக் காட்டுவாள், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடத்தைக் காட்டுவாள், வாங்கி வந்த சாப்பாட்டைக் காட்டுவாள். போனை ரூம் பக்கம் திருப்பவே மாட்டாள், அவள் முகத்தை விட்டால் எப்போதும் அந்த ஒரே ஜன்னல்தான். நேற்று போனை வைத்ததும் சங்கரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு. பாத்தீங்களா?"

"லைட் அப்படி."

"லைட் இல்ல. அங்கேருந்து யாராவது வாறாவளா, பாத்துட்டு வந்து சொல்ல?"

போனை எடுத்தேன். அறுநூறு நம்பர் இருக்கிறது. துபாயில் மட்டும் முப்பது பேர். கேட்டால் ஒரு நிமிஷத்தில் விசாரித்து, நன்றாக இருக்கிறாள் என்று கைகூப்பிய பொம்மையோடு பதில் போடுவார்கள். பஸ் ஏறிப் போய், கதவைத் தட்டி, அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, இங்கே வந்து உட்கார்ந்து உள்ளதைச் சொல்ல ஒருத்தர் இல்லை. மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நாமளே ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோமா?" என்றேன்.

சங்கரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"நாம போனா ரூமைத் தூத்துப் பெருக்கி வச்சுட்டு, சிரிச்சுக்கிட்டு நிப்பா. நமக்கு என்ன தெரியும்?"